ஊசிப்பாறைக்குப் போன பத்துத் தோட்டாக்கள்

ஸ்ரீ:

ஊசிப்பாறை ரேஞ்ச் பங்களா
6-1-1941

அன்புள்ள மந்திரமூர்த்திக்கு,

சௌக்கியம்தானே? இங்கே நான் சௌக்கியம் என்று எழுதினால் பொய். மார்கழிக் குளிரில் பேனா மையே உறைந்துவிடும் போலிருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் ரேஞ்சில் ஒரு கொம்பன் யானை மதம் பிடித்துத் திரிகிறது. ஏலக்காய்த் தோட்டத்துக் காவல்காரன் ஒருவனையும், விறகு பொறுக்கப் போன கிழவி ஒருத்தியையும் ஒரே மாதத்தில் மிதித்துக் கொன்றுவிட்டது. சுட்டுவிடலாம் என்று உத்தரவு வந்தது. மேலதிகாரி அந்தக் காகிதத்தை அழகாக மடித்து என் கையில் கொடுத்துவிட்டார். ரேஞ்சர் என்றால் மரத்துக்கு நம்பர் போடுகிறவன் என்று நம்பித்தான் அலர்மேல்மங்கை என்னைக் கட்டிக்கொண்டாள். அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

இலாகா ரைபிள் உனக்குத் தெரியும். போன வருஷம் உன் துப்பாக்கிக் கடையில் போல்ட் சரிபார்த்துக் கொடுத்தாயே, அந்த முந்நூற்று எழுபத்தைந்து ரகம்தான். கையிருப்பு ஏழு தோட்டா, எல்லாம் ஈயமுனை. இதே தோட்டாவால்தான் சிறுத்தையைச் சுட்டேன், நின்ற இடத்திலேயே விழுந்தது. ஆனால் எங்கள் வாச்சர் அய்யாக்குட்டி, இருபது வருஷம் இந்தக் காட்டில் கால் தேய்ந்தவன், உதட்டைப் பிதுக்குகிறான். "சாமி, இந்தக் குண்டு மிளா மானுக்க தோளெலும்புல பட்டே நசுங்கிப் போச்சு. ஆனைக்கு இது கொசுக்கடில்லா" என்கிறான். மேலதிகாரியோ, யுத்த காலத்தில் இருப்பதை வைத்துச் சுடு என்கிறார். புதுத் தோட்டா கேட்டு இண்டென்ட் போட்டால் மூன்று மாதம் ஆகும்.

எனக்கு யானையும் தெரியாது, அதற்கான குண்டும் தெரியாது. உனக்குத் தெரியும். எதைப் போட வேண்டும் என்று சொல்.

உன்,
சம்பத்குமார்


செந்தூர் முருகன் துணை

தூத்துக்குடி
10-1-1941

ஏலே சம்பத்து,

உன் கடிதத்தைப் படித்ததும் கடையில் இருந்த ஆட்கள் திரும்பிப் பார்க்கும்படி சிரித்துவிட்டேன். முதலையிடமிருந்து யானையைக் காப்பாற்றப் பெருமாள் ஓடி வந்த கதையை உன் அப்பா சந்நிதியில் சொன்னால் ஸ்ரீவைகுண்டமே கண் கலங்கும். அவர் பிள்ளை யானைக்குக் குண்டு கேட்கிறான்!

சிரிப்பு போதும். உயிர் விஷயம், கவனமாகப் படி.

ஈயமுனையை மறந்துவிடு. அது உடம்புக்குள் போனதும் விரியும். புலி, சிறுத்தை, மான் இதெல்லாம் மெல்லிய தோல், உள்ளே விரிந்தால்தான் விழும். யானையின் மண்டை வேறு சமாச்சாரம். நெற்றி எலும்பு முக்கால் முழம் கனம், அதுவும் தேன்கூடு மாதிரி அறை அறையாக இருக்கும். ஈயமுனை முதல் அறையிலேயே நசுங்கிப் படுத்துவிடும். சுவரில் எறிந்த களிமண் உருண்டைதான். யானைக்குக் கோபம் வரும், உனக்குக் காரியம் நடக்கும்.

உனக்கு வேண்டியது சாலிட். முனை வரைக்கும் உலோகக் கவசம் போட்டது, விரியாது, வளையாது, ஆணி மாதிரி நேரே மூளைக்குப் போகும். எடை முந்நூறு கிரெயின். அதற்குக் குறைந்து எடுக்காதே. பக்கவாட்டில் கிடைத்தால் காதுத் துளைக்கு முன்னால் நான்கு விரல். நேரே வந்தால் கண்கள் இரண்டையும் சேர்த்து ஒரு கோடு போட்டு, அதற்குச் சற்று மேலே. முப்பது தப்படிக்கு வெளியே சுடாதே. அய்யாக்குட்டி சொன்னது வேதவாக்கு, அந்த மனுஷனைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்.

கப்பல் வருவது நின்று போய் எட்டு மாதம் ஆகிறது. சென்னைப் பெரிய கடைகளிலேயே இந்தச் சரக்கு இல்லை. ஆனால் கடைசியாக வந்த கப்பல் சரக்கில் என்னிடம் ஒரே ஒரு பெட்டி சாலிட் இருக்கிறது. பத்துத் தோட்டா, முத்திரை உடையாதது. பெட்டி மேல் உன் பெயரை எழுதி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன். பெர்மிட்டோடு ஆள் அனுப்பு.

என் வீட்டுக்காரி முத்துக்கனி உங்கள் இருவரையும் பொங்கலுக்குக் கூப்பிடுகிறாள். நீங்கள் எங்கள் வீட்டில் சாப்பிட மாட்டீர்கள் என்று சொன்னேன். கரும்பாவது கடிக்கட்டுமே என்கிறாள்.

உன்,
மந்திரமூர்த்தி


ஸ்ரீ:

ஊசிப்பாறை
19-1-1941

மந்திரம்,

தோட்டா வந்து சேர்ந்தது. உனக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. இரண்டு ராத்திரியாகத் தூக்கம் வராமல் கிடந்தவன், நேற்று உன் பொட்டலத்தைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு நன்றாகத் தூங்கினேன்.

பெட்டி என்று எழுதினாய், செய்தித்தாளில் சுற்றி வந்திருக்கிறதே? ஆனால் சரக்கு ஜோர். பொங்கல் பானை மாதிரி பளபளக்கிறது. அய்யாக்குட்டி ஒன்றை எடுத்து மூக்கில் வைத்து மோந்துவிட்டு, "சாமி, இது ரசம் மணக்கு. உங்க வீட்டுத் தோட்டாவுல்லா!" என்றான். ஃபாரஸ்ட் கார்டுகள் எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

ஒன்றைச் சுட்டுப் பார்க்கட்டுமா? ரைபிள் புதுக் குண்டுக்கு எப்படிப் போகிறது என்று தெரிந்துகொள்ளலாமே.

சம்பத்குமார்


செந்தூர் முருகன் துணை

தூத்துக்குடி
23-1-1941

சம்பத்து,

பெட்டியைக் கரையான் அரித்துவிட்டது. அதனால்தான் தாளில் சுற்றினேன்.

சுட்டுப் பார்க்கிறேன் என்று ஒன்றைக்கூட வீணாக்காதே. இனி இந்தச் சரக்கு எப்போது கிடைக்குமோ தெரியாது. குறி சரியாக இருந்தால் போதும். கடையில் வேலை நெருக்கடி, நீளமாக எழுத நேரமில்லை.

மந்திரமூர்த்தி


ஊசிப்பாறை
11-2-1941

மந்திரமூர்த்திக்கு,

அய்யாக்குட்டி போய்விட்டார்.

ஐந்தாம் தேதி காலை ஒன்பது மணிக்கு, ஓடைக்கு மேலே ஈற்றை மூங்கில் காட்டில் கொம்பனைப் பார்த்தோம். காற்று எங்களுக்குச் சாதகம். இருபத்தைந்து தப்படி. அது எங்களை நோக்கித் திரும்பியது. நீ சொன்னபடி கண்களுக்கு நடுவே கோடு போட்டேன். கை நடுங்கவில்லை. இதை நீ நம்ப வேண்டும், என் கை நடுங்கவில்லை. விசையை அழுத்தினேன். டிக் என்றது. அவ்வளவுதான். போல்ட்டை இழுத்து அடுத்ததை ஏற்றினேன். மறுபடி டிக்.

யானை வந்துகொண்டே இருந்தது. அய்யாக்குட்டி என்னைப் பாறைக்குப் பின்னால் ஒரு தள்ளுத் தள்ளிவிட்டு, தோளில் கிடந்த துண்டை உருவி வீசிக்கொண்டு எதிர்ப்பக்கம் ஓடினார். "ஏ மூதி! இங்கன வா! இங்கன வாலே!" என்று கத்தினார். அது அவர் பின்னால் போனது. பிறகு நடந்ததை எழுத எனக்குக் கை வரவில்லை.

மிச்சம் எட்டுத் தோட்டாவையும் மறுநாள் பங்களாவுக்குப் பின்னால் வைத்துச் சுட்டேன். மூன்று வெடித்தன. ஐந்து வெடிக்கவில்லை. வெடிக்காததில் ஒன்றை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். பித்தளை மஞ்சளாக இல்லை, லேசாகச் சிவந்து இருந்தது. எங்கள் வீட்டு மடைப்பள்ளியில் புளி போட்டுத் தேய்த்த குடம் அப்படித்தான் சிவக்கும். அடிப்பக்கத்துப் பள்ளத்தில் ஊசியை விட்டு நோண்டினேன். ஒரு புளி நார் வந்தது.

அன்றைக்கு அய்யாக்குட்டி மோந்து பார்த்துச் சொன்னது நினைவு வந்து, ஊசியும் கையுமாக அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

மேலதிகாரி நாளை வருகிறார். வாச்சர் உத்தரவை மீறித் தானாக முன்னால் ஓடினார் என்று அறிக்கை எழுதி வைக்கச் சொல்லி அனுப்பியிருக்கிறார். அப்படி எழுதினால் இலாகாவுக்குப் பொறுப்பில்லை. அய்யாக்குட்டியின் சம்சாரம் சந்தனமாரிக்குப் பென்ஷனும் இல்லை. நான் இன்னும் கையெழுத்துப் போடவில்லை.

நீ எனக்கு என்ன அனுப்பினாய்? உண்மையைச் சொல்.

சம்பத்குமார்


தூத்துக்குடி
17-2-1941

மகாராஜராஜஸ்ரீ ரேஞ்சர் சம்பத்குமார் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. வாச்சர் மறைவுக்கு என் அனுதாபம்.

பதினைந்து வருஷமாகக் கடை நடத்துகிறேன். என் தோட்டாவைக் குறை சொன்னவர் இதுவரை ஒருவருமில்லை. மலைக் குளிரில், பனி சொட்டும் பங்களாவில் இரண்டு வாரத்துக்கு மேல் வைத்திருந்தது தாங்கள். போல்ட்டில் எண்ணெய் உறைந்திருந்தாலும் ஊசி சரியாகத் தட்டாது. அதையெல்லாம் பார்க்காமல் ஒரு நாரைக் காட்டி நாடான் கடைச் சரக்கு மோசம் என்கிறீர்கள்.

தங்களுக்கு இது புதிதல்லவே. ஸ்ரீவைகுண்டத்தில் பள்ளிக்கூடம் விட்டு, கணக்குச் சொல்லிக் கொடுக்க உங்கள் வீட்டுக்கு வருவேன். தாகம் என்றால் முற்றத்தில் நிற்க வைத்து, செம்பை உயரத் தூக்கி என் கையில் ஊற்றுவார்கள். பாதி மண்ணுக்குப் போகும். தாங்கள் உள்ளே நின்று பார்த்துக்கொண்டிருப்பீர்கள். அன்றைக்கு ஒரு வார்த்தை பேசாதவர் இன்றைக்கு எனக்கு யோக்கியம் கற்பிக்க வேண்டாம்.

இப்படிக்கு,
ச. மந்திரமூர்த்தி
துப்பாக்கி, தோட்டா வியாபாரம்


ஊசிப்பாறை
25-2-1941

மந்திரம்,

செம்பைத் தூக்கி ஊற்றியது நிஜம். நான் உள்ளே நின்று பார்த்ததும் நிஜம். அம்மாவை எதிர்த்துப் பேச எனக்குத் தைரியம் இல்லை. இத்தனை வருஷத்தில் அதைப் பற்றி உன்னிடம் ஒரு தடவைகூடப் பேசாதது அதைவிடக் கேவலம். உனக்கு வலித்திருக்கும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் நாம் நல்ல சிநேகிதர்கள் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

உனக்காகத் திறக்காத வாயை அய்யாக்குட்டிக்காகவும் திறக்கவில்லை. அறிக்கையில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். 'வெடிக்காத தோட்டா என்கிறீர், அதற்கு என்ன சாட்சி? நீர் பயந்து சுடாமல் நின்றீர் என்று நான் எழுதட்டுமா?' என்று மேலதிகாரி கேட்டார். பேனாவை வாங்கிக் கையெழுத்தைப் போட்டுவிட்டேன்.

நேற்று சந்தனமாரி வந்தாள். வாசலிலேயே நின்றாள். "சாமி, எங்க வீட்டுக்காரரு சொன்ன பேச்சு கேக்காம ஓடிச் செத்தாருன்னு எழுதியிருக்காமே. கார்டு சொல்லுதான். நெசமா சாமி?" என்று கேட்டாள். உயிரைக் கொடுத்தவர் மேல் பழியைப் போட்டுவிட்டு அவர் வாங்கிக் கொடுத்த மூச்சை விட்டுக்கொண்டிருக்கிறேன். உள்ளே போய்விட்டேன். அவள் வெகுநேரம் நின்றுவிட்டுப் போனாள் என்று அலர்மேல்மங்கை சொன்னாள். இப்போது அலர்மேல்மங்கைக்கும் எல்லாம் தெரியும். என்னோடு பேசுவதில்லை.

மார்ச் பன்னிரண்டாம் தேதி விசாரணை. பணம் வேண்டாம், மன்னிப்பும் வேண்டாம். 'நான் கொடுத்தது பழைய தோட்டா' என்று ஒரே ஒரு வரி எழுதிக் கொடு. அதைக் காட்டி என் அறிக்கையை நான் வாபஸ் வாங்குகிறேன். வேலை போனால் போகட்டும். உன் வரி இல்லாவிட்டால் என் வாய்ச்சொல் அம்பலம் ஏறாது.

சம்பத்குமார்


தூத்துக்குடி
4-3-1941

சம்பத்து,

இதை வாசித்ததும் அடுப்பில் போட்டுவிடு. உன்னை நம்பி எழுதுகிறேன்.

நீ கேட்ட வரியை என்னால் விசாரணைக்கு எழுதித் தர முடியாது. யுத்தம் வந்த பிறகு தோட்டாக் கடை லைசென்ஸ்களை ஒவ்வொன்றாக நிறுத்துகிறார்கள். அந்த வரி சர்க்கார் கச்சேரிக்குப் போனால் அன்றைக்கே என் கடைக்குப் பூட்டு, எனக்கு ஜெயில். ஆனால் உன்னிடம் மறைத்து வைத்திருக்கவும் முடியவில்லை.

உன் பெட்டி நிஜமாகவே இருந்தது. நான் பொய் சொல்லவில்லை, ஜனவரி பத்தாம் தேதி வரைக்கும் பொய் சொல்லவில்லை. பன்னிரண்டாம் தேதி ஒரு ஜமீன் வீட்டு மாப்பிள்ளை காரில் வந்து இறங்கினார். காட்டெருமை வேட்டைக்குப் போகிறாராம், சாலிட் வேண்டுமாம். நான் அலமாரியைத் திறந்ததும் பெட்டியை அவரே எடுத்தார். "யாரு ஓய் இந்தச் சம்பத்து?" என்று கேட்டார். அவருடைய மாமனார் சிபாரிசு இருந்தால்தான் என் லைசென்ஸ் நிலைக்கும். உன் பெயரைப் பென்சிலில்தான் எழுதியிருந்தேன். ரப்பரை எடுத்து நானே அழித்துக் கொடுத்தேன்.

உனக்கு இல்லை என்று எழுதியிருக்கலாம். எழுத வெட்கமாக இருந்தது. தூத்துக்குடியில் மந்திரமூர்த்தியிடம் இல்லாத தோட்டா இல்லை என்று நானே உன்னிடம் எத்தனை தடவை பீற்றியிருக்கிறேன்! கடற்கரையில் சரக்கு வைக்கும் கிட்டங்கியில் பழைய சாலிட் பத்து கிடந்தது. போன புயலில் கூரை ஒழுகி நனைந்தது. பிறகு உப்புக்காற்றில் பச்சைக் களிம்பு ஏறிப்போயிருந்தது. பொங்கலுக்கு முத்துக்கனி கொல்லையில் குடம், அண்டா எல்லாம் போட்டு விளக்கிக்கொண்டிருந்தாள். அதையும் அவள் கையில் கொடுத்தேன். புளியும் சாம்பலும் போட்டு ஊற வைத்துத் தேய்த்துக் கொடுத்தாள். தங்கம் மாதிரி ஆகிவிட்டது. மொட்டை மாடியில் மூன்று நாள் வெயிலில் காயவைத்தேன். புளித்தண்ணீர் உள்ளே மருந்துக்கு இறங்கியிருக்கும் என்று தொழில் தெரிந்த எனக்குத் தெரியாதா? காய்ந்திருக்கும், காய்ந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நான் ஒன்றைச் சுட்டுப் பார்த்திருக்கலாம். வெடிக்காமல் போனால் உனக்கு அனுப்ப முடியாதே, அதனால் பார்க்கவில்லை. முத்துக்குளிப்புக் காலத்தில் நம் ஊரில் சிப்பியைத் திறக்காமலேயே ஏலம் எடுப்பார்கள். திறக்காத வரைக்கும் எல்லாச் சிப்பியிலும் முத்து இருக்கும். அப்படித்தான் நானும் இருந்தேன். நீ சுட்டுப் பார்க்கட்டுமா என்று கேட்டபோது உண்மை வெளியாகிவிடும் என்று பயந்தேன். வீணாக்காதே என்று எழுதிவிட்டேன்.

முத்துக்கனியிடம் நேற்றுத்தான் சொன்னேன். "பித்தளைச் சாமான்னுலா தேய்ச்சுக் குடுத்தேன். ஆளு உசுரு தாங்குத சாமான்னு ஒரு வார்த்தை சொல்லலியே நீங்க. அந்தப் பொம்பளை தாலியை என் கையால தேய்ச்சு அறுத்துட்டேனே" என்று அழுகிறாள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். மாப்பிள்ளைக்குச் சளி பிடித்து வேட்டை நின்றுபோனதாம். பெட்டி முத்திரை உடையாமல் திரும்பி வந்துவிட்டது. இந்தக் கடிதம் கொண்டுவருகிற ஆளிடமே கொடுத்திருக்கிறேன். கொம்பன் இன்னும் திரிகிறது என்று கேள்விப்பட்டேன். இது நல்ல சரக்கு, செந்தூர் முருகன் மேல் ஆணை.

சந்தனமாரிக்கு மாசாமாசம் என்னால் முடிந்ததை ரகசியமாக அனுப்புகிறேன். என் பிள்ளைகளை நினைத்து, இந்தக் கடிதத்தைக் கொளுத்திவிடு.

மந்திரம்


ஸ்ரீ:

ஊசிப்பாறை
14-3-1941

மந்திரம்,

நான் கொளுத்தவில்லை.

ஒரு வாரம் உன் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அலைந்தேன். இரண்டு தடவை அடுப்புப் பக்கம் போனேன். என்னை நம்பி எழுதினாய் என்ற ஒரு வரி என் கையைப் பிடித்து இழுத்தது. ஆனால் உன் தோட்டாவையும் அப்படி நம்பித்தானே ஒரு மனுஷர் என் பக்கத்தில் நின்றார்? ரகசியமாகப் பணம் அனுப்புகிறேன் என்கிறாய். சந்தனமாரி என்னிடம் பணம் கேட்கவில்லை. நெசமா என்றுதான் கேட்டாள்.

பன்னிரண்டாம் தேதி உன் கடிதத்தை விசாரணை மேஜைமேல் வைத்துவிட்டேன். என் அறிக்கை பொய் என்றும் எழுதிக் கொடுத்தேன். அய்யாக்குட்டி ஓடியது என்னைக் காப்பாற்ற என்று பதிவாகிவிட்டது. பென்ஷனுக்குச் சிபாரிசு போகிறது. பொய்க் கையெழுத்துக்காக என்னைச் சஸ்பெண்டு செய்திருக்கிறார்கள். நாளை மறுநாள் புது ரேஞ்சர் வருகிறார்.

சந்தனமாரியிடம் நானே போய்ச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப அவரு நல்லாத்தான் செத்திருக்காரு" என்று மட்டும் சொன்னாள்.

இந்தக் கடிதத்துக்கு முன்னாலேயே உன் கடை வாசலுக்குப் போலீஸ் ஆட்கள் வந்திருப்பார்கள். நீ என்னைத் துரோகி என்பாய். ஆமாம். நீ எனக்குச் செய்ததை நான் உனக்குச் செய்தேன், தெரிந்தே செய்தேன். முத்துக்கனியின் முகத்தை நினைத்தால் எனக்கு நெஞ்சு வலிக்கிறது. ஆனாலும் திரும்பவும் அந்த மேஜை முன்னால் நிறுத்தினால் அதையேதான் செய்வேன்.

நீ அனுப்பிய பெட்டி வந்தது. புது ரேஞ்சருக்காக ஆபீஸ் அலமாரியில் வைக்கும் முன் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அழித்த இடத்தில் என் பெயர் மங்கலாகத் தெரிகிறது. முத்திரை அப்படியே இருந்தது. இருந்தாலும் உடைத்தேன், ஒன்றை எடுத்து ரைபிளில் போட்டேன், பங்களாவுக்குப் பின்னால் மண்மேட்டைப் பார்த்துச் சுட்டேன். வீணாக்காதே என்று நீ எழுதியிருந்தாய். ஒன்றை வீணாக்கிவிட்டேன், மந்திரம். உன் கையிலிருந்து வந்ததை இனி சுட்டுப் பார்க்காமல் இன்னொருவர் கையில் கொடுக்க என்னால் முடியவில்லை.

வெடித்தது. மலை முழுக்கக் கேட்டது. அந்த மண்மேட்டிலேயே உட்கார்ந்து வெகுநேரம் அழுதேன்.

சம்பத்குமார்